நாலு நத்தைக்கு டிரிப்ஸ்

நிமிஷத்துக்கு அறுபது. இல்லை, ஐம்பத்தெட்டு. குழாய்ச் சக்கரத்தை ஒரு மயிரிழை திறந்தால் அறுபத்திரண்டுக்குப் போய்விடும், வேண்டாம், இருக்கட்டும். பாட்டிலில் தண்ணீர் இறங்க இறங்க சொட்டும் மெதுவாகும், அதனால்தான் கால் மணிக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கடி என்று முப்பத்திநாலு வருஷம் வார்டில் தொண்டை கிழியக் கத்தினேன், எந்தப் பிள்ளை கேட்டது. ஜன்னல் கம்பியில் பாட்டில் தொங்குகிறது, காற்று போக அதன் மண்டையில் ஓர் ஊசி, கீழே நீளக் குழாய், குழாயின் நுனியில் நோயாளி கை இல்லை, என் தயிர்க் கிண்ணம், கிண்ணத்துக்குள் நாலு நத்தை. மருந்துக்கடைக்காரர், யாருக்கு சிஸ்டர், வீட்டில் யாருக்கும் முடியலையா என்று கேட்டார். நத்தைக்கு என்று சொன்னால், அன்னபாக்கியம் சிஸ்டருக்கு ரிட்டையரானதும் மண்டை கலங்கிவிட்டது என்று தூத்துக்குடி முழுக்கப் பரவிவிடும், சொந்தக்காரர் ஒருத்தருக்கு என்று சொல்லி வாங்கிவந்தேன். அது ஒரு பொய். இந்த மாதம் நான் சொன்ன பொய்களில் அதுதான் சின்னது. இப்போது மணி பதினொன்றே கால். என் மகன் சாலமோன் பெண்டாட்டியை அழைத்துவர விமான நிலையத்துக்குப் போயிருக்கிறான், பன்னிரண்டரைக்குள் இரண்டு பேரும் வாசலில் நிற்பார்கள். அதற்குள் இந்த நாலும் தொட்டிக்குள் போய்க் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால், அவள் எண்ணிப் பார்க்கும்போது ஏழு இருக்கும். அவள் விட்டுவிட்டுப் போனதும் ஏழுதான். அதில் நாலைக் கொன்றது நான் என்பது எனக்கும் கர்த்தருக்கும் வளர்ப்பு மீன் விற்கிற கஸ்பாருக்கும் மட்டும்தான் தெரியும்.

தொட்டி மருமகளுடையது. பெனிட்டா இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது, துறைமுக ஆபீசில் வேலை, அதிர்ந்து பேசமாட்டாள். அவள் கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தை நான் மறுபடி எடுத்துக் கழுவுவேன். அவள் மடித்த துணியைப் பிரித்து மடிப்பேன். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, கை அப்படிப் பழகிவிட்டது, ஒரு கட்டில் விரிப்பில் சுருக்கம் இருந்தால் என்னால் அந்த வார்டைத் தாண்டிப் போக முடியாது. அவள் ஒரு நாளும் முகம் கோணியதில்லை, கோணியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். ஹாலில் இந்தக் கண்ணாடித் தொட்டி மட்டும்தான் நான் கை வைக்காத இடம். அறுபது லிட்டர் உப்புத் தண்ணீர், அடியில் வெள்ளை மணல், இரண்டு பாறை, ஆரஞ்சும் வெள்ளையுமாக இரண்டு மீன், சட்டைப் பித்தான் அளவில் பச்சை பச்சையாக விரியும் பவளம். நம் கடல் பவளத்தைத் தொடக்கூடாது அத்தை, சட்டம் இருக்கு, இது சென்னையில் ஒருத்தர் தொட்டியிலேயே வளர்த்தது என்று பில்லை எடுத்துக் காட்டினாள், நான் கேட்கவே இல்லை. வந்தபோது மூன்று பித்தான். இப்போது பத்தொன்பது. மூன்றைப் பத்தொன்பதாக்க அவளுக்கு ஒன்றரை வருஷம் ஆனது. காலையில் அடுப்படிக்கு வருமுன் கால் மணி நேரம் தொட்டி முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருப்பாள், பொழுது விடிந்ததும் வேடிக்கையைப் பார் என்று நான் மனசுக்குள் முணுமுணுப்பேன். ஆபீசில் ஒரு மாதப் பயிற்சிக்கு மும்பை அனுப்பினார்கள். கிளம்பும் அன்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சாலமோன் பக்கம் திரும்பக்கூட இல்லை, நேராக என்னிடம் வந்து, “இத உங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன் அத்தை” என்றாள். அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு தாள் எழுதிக் கொடுத்திருந்தாள். இரண்டு கேன். நீல மூடி போட்டது சுத்தத் தண்ணீர், தினமும் காலையில் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு குறைந்திருக்கிறதோ அவ்வளவு நீல மூடியிலிருந்து ஊற்ற வேண்டும். சிவப்பு மூடி போட்டது உப்பு கரைத்த தண்ணீர், ஏதாவது ஆபத்து என்றால் மட்டும். இரண்டாவது நாள் காலையில் தாளைப் படித்துவிட்டு நீல மூடியைத் திறந்தேன், கை நின்றுவிட்டது. கடல் உயிர் வாழும் தண்ணீரில் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதா? ரத்தக் குழாயில் வெறும் தண்ணீரை ஏற்றினால் என்ன ஆகும் என்று முதல் வருஷப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும், சிவப்பணு உப்பி வெடிக்கும், ஆள் போய்விடுவார், அதனால்தான் சலைன், அதனால்தான் உப்பு. பாவம், கிளம்புகிற அவசரத்தில் பிள்ளை மூடியின் நிறத்தை மாற்றி எழுதிவிட்டது என்று முடிவு கட்டினேன். டாக்டர் எழுதிய சீட்டில் சந்தேகம் வந்தால் போன் போட்டுக் கேள், நீயாக மாற்றாதே என்று எத்தனை பேரை நிற்கவைத்துத் திட்டியிருப்பேன். நான் போன் போடவில்லை. அவளிடம் கேட்பதா, ஒரு கேன் தண்ணீருக்கு. சிவப்பு மூடியைத் திறந்து அரை லிட்டர் ஊற்றினேன், மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தன, நன்றி சொல்வதாக எடுத்துக்கொண்டேன். இருபது நாள். தினம் அரை லிட்டர். ஊற்றியதையெல்லாம் சார்ட்டாக எழுதிவைத்தேன், தேதி, நேரம், அளவு, கையெழுத்து. நீள நோட்டில் கோடு போட்டு, என்ன அழகான சார்ட்.

அறுபது. சரியாக இருக்கிறது. பாட்டிலில் இருப்பது தொட்டித் தண்ணீர், கடைத் தண்ணீரில் வந்த நத்தைக்கு அது சொட்டுச் சொட்டாகத்தான் பழக வேண்டும். கிண்ணத்தில் ஒரு நத்தை தன் ஓட்டு மூடியைத் திறந்துவிட்டது. ஓட்டின் வாயிலிருந்து முதலில் ஒரு கொம்பு வெளியே வருகிறது, நூல் நுனி அளவு, வந்து நின்று யோசிக்கிறது, அப்புறம் அடுத்த கொம்பு. இந்தப் பொறுமையை நான் எந்த மனுஷரிடமும் பார்த்ததில்லை. பதினாறாம் நாள் காலையில் ஹாலில் ஒரு வாடை, புண்ணில் புழு வைத்தவர்களின் கட்டு பிரிக்கும்போது வருமே, அந்தச் சாதி வாடை, என் மூக்கு அதில் ஏமாறாது. தொட்டியின் மூலையில் ஒரு நத்தை மல்லாக்கக் கிடந்தது. மூளி. அவள் வைத்த பேர், ஓட்டின் உதட்டில் ஒரு மூலை உடைந்திருக்கும், அதனால் மூளி. உள்ளே ஒன்றும் இல்லை, கரைந்துவிட்டிருந்தது. இரண்டு நாளில் இன்னும் மூன்று. மேய்கிற நத்தை போனதும் பாசி துள்ளிவிட்டது, பாறை முழுக்கப் பச்சை மயிர், ஒரு விரல் நீளம், பித்தான்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு அந்த மயிருக்குள் மறைந்தன. நான் கையுறை மாட்டி, புது பல்துலக்கும் பிரஷ் எடுத்து, பாறையைத் தேய் தேய் என்று தேய்த்தேன், மறுநாளே அதே நீளம். என் வாழ்க்கையில் நான் தேய்த்துப் போகாத அழுக்கு இதுதான். இருபத்தோராம் நாள் மாலைதான் தொட்டித் தண்ணீரை ஒரு சின்னப் பாட்டிலில் பிடித்து, லேபுக்கு சிறுநீர் எடுத்துப் போகிற மாதிரி மூடியில் தேதியும் எழுதி ஒட்டி, கஸ்பார் கடைக்கு ஆட்டோவில் போனேன்.

கஸ்பாருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும், அப்பா காலத்தில் வள்ளம் ஓட்டி மீன் பிடித்த குடும்பம், இவன் மட்டும் கடலைக் கண்ணாடிக்குள் போட்டு விற்கிறான். பாசி தின்கிறதற்கு ஆள் வேண்டும் என்றேன். நத்தை வேண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை, வார்டுக்கு ஆள் கேட்கிற மாதிரிதான் கேட்டேன். அவனும் ஆள் காட்டுகிற மாதிரியே காட்டினான். முதலில் ஒரு டர்போ நத்தை, எலுமிச்சம்பழம் பெரிசு, ஒரு நாளில் ஒரு பாறையை மொட்டையடித்துவிடுமாம், ஆனால் போகிற வழியில் பவளத்தை இடித்துத் தள்ளும். எனக்குத் தெரியும் இந்த வகை. பெருக்குகிறேன் பேர்வழி என்று கட்டிலை இடித்து, நோயாளியை எழுப்பி, வாளியை உருட்டி, ஆனால் தரை கண்ணாடி. பெரிய வார்டுக்குச் சரி, சின்ன வார்டில் வைக்க முடியாது. அப்புறம் பச்சை நண்டு ஒன்று, பாறை இடுக்கில் முத்து முத்தாக வரும் பாசியை அது மட்டும்தான் தின்னும், பசித்தால் மீன் மேல்கூடக் கை வைக்கும் என்றான், அந்த மாதிரி ஒரு கம்பவுண்டரையும் பார்த்திருக்கிறேன், வேண்டாம். உடம்பெல்லாம் முள்ளாகப் பந்து போல ஒரு கறுப்புக் கடல் முள்ளெலி பல்லால் பாறையையே சுரண்டிக்கொண்டிருந்தது, பயமாக இருந்தாலும் பார்க்க அழகு. மணலுக்குள் புதைந்து கிடக்கிற நத்தை வேறு, ஒரு துளி தீனி விழுந்ததும் பத்துப் பதினைந்து மூக்குகள் மணலைக் கிழித்துக்கொண்டு எழும்பின, ஆனால் அவை மிச்சக் கறிதான் தின்னும், பாசியைத் தொடாது, சமையல்கட்டு டூட்டி. கடல் அட்டை நல்லா மணலைச் சுத்தம் பண்ணுமாமே என்றேன். “அத வாயால கூடச் சொல்லாதீய அக்கா, அட்டைக்குத் தடை இருக்கு, தொட்டா உள்ள தூக்கி வச்சிருவான்” என்றான். கடைசியில் பம்பரத்தைக் கவிழ்த்த மாதிரி ஓடு வைத்த டிரோக்கஸ் நத்தை, எங்கள் வீட்டில் இருந்த அதே இனம். அவை கண்ணாடியில் மேய்வதைத்தான் நான் நின்று பார்த்தேன். அடிப்பக்கம் கண்ணாடியோடு ஒட்டி, வாய் திறக்கிறது, மூடுகிறது, திறக்கிறது, ஒவ்வொரு தடவையும் ஒரு நெல்மணி அளவுக்குக் கண்ணாடி சுத்தமாகிறது. சத்தம் கிடையாது. மேற்பார்வை கிடையாது. விட்டுப்போன இடத்துக்குத் திரும்பி வருகிறது. மூன்று பேர், ஒரு ஷிப்ட்டுக்கு இந்த மாதிரி மூன்று பேர் எனக்குக் கிடைத்திருந்தால் என் ரத்த அழுத்தம் இன்று நூற்றி இருபதில் நின்றிருக்கும்.

நத்தை எப்படிச் செத்தது என்று கேட்டான். தெரியவில்லை என்றேன். சங்குக்குள் குடியிருக்கிற நண்டு ஏதும் கிடக்கா? கிடக்கிறது, இரண்டு. “அப்ப அதுகதான். ஓடு பிடிச்சிருந்தா நத்தையக் கொன்னுட்டு உள்ள போயிரும், வீட்டுக்காரன அடிச்சுப் போட்டுட்டு வீட்டப் பிடிக்கிற மாதிரி” என்றான். அந்த நிமிஷம் என் நெஞ்சில் விழுந்த நிம்மதி இருக்கிறதே, ஐஸ் வைத்த மாதிரி இருந்தது. நண்டு. நான் இல்லை, நண்டு. கொலைகாரனைப் பிடித்தாயிற்று என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம், ஆனால் நான் கொண்டுபோன பாட்டில் மேஜை மேல் இருந்தது. சும்மா கிடக்குதே என்று அவன் அதிலிருந்து ஒரு சொட்டு எடுத்து, டார்ச் லைட் மாதிரி ஒரு குழலின் நுனியில் விட்டு, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணை வைத்தான். மறுபடி துடைத்து மறுபடி வைத்தான். “அக்கா, முப்பத்தஞ்சு இருக்கணும் உப்பு. நாப்பத்தொண்ணு இருக்கு. என்னத்த ஊத்துனீய?” சொன்னேன். அவன் சிரிக்கவில்லை, அதுதான் எனக்கு வலித்தது. “தண்ணி மட்டுந்தானக்கா ஆவியாப் போவும். உப்பு எங்க போவும்? உள்ளதான கெடக்கும். நீங்க அதுமேல தினமும் உப்ப ஊத்திருக்கீய.”

என் அப்பா உப்பளத்தில் வேலை செய்தவர். பள்ளிக்கூடம் விட்டதும் தூக்குச்சட்டியோடு அவரிடம் போவேன், பாத்தியில் கடல் தண்ணீர் கட்டி நிற்கும், நாலு நாள் வெயில், தண்ணீர் போய்விடும், வெள்ளையாக உப்பு மட்டும் கிடக்கும், கண் கூசும். இந்த ஊரில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊரே அதில்தான் சோறு தின்கிறது. கஸ்பார் கடை வாசலில் ஆட்டோவுக்கு நிற்கும்போது, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஹாலில் ஒரு பாத்தி கட்டி, உள்ளே பெனிட்டாவின் நத்தைகளைப் போட்டு, இருபது நாள் வெயிலில் வைத்திருக்கிறேன். அந்தப் பிள்ளை மூடியின் நிறத்தைச் சரியாகத்தான் எழுதியிருந்தது. நத்தை கேட்டபோது கஸ்பார் தரமாட்டேன் என்றான். முதலில் உப்பை இறக்குங்கள், தினம் ஒரு லிட்டர் எடுத்துவிட்டு ஒரு லிட்டர் சுத்தத் தண்ணீர், அவசரப்பட்டால் மிச்ச மூன்றும் போய்விடும், எட்டு நாள் கழித்து வாருங்கள் என்றான். எட்டு நாள் செய்தேன். காலையில் அடுப்படிக்குப் போகுமுன், அவள் உட்காருகிற அதே இடத்தில் குத்தவைத்து, அவள் பார்ப்பதுபோல் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது, அந்தக் கால் மணி நேரத்தில் அவள் வேடிக்கை பார்க்கவில்லை. கண்ணாடியைச் சுரண்டுகிறாள், குறைந்த தண்ணீரை நிரப்புகிறாள், மல்லாந்த நத்தையை நிமிர்த்துகிறாள், பித்தானை ஒவ்வொன்றாக எண்ணுகிறாள், எது வாடுகிறது எது விரிகிறது. ரவுண்ட்ஸ். இரண்டு வருஷமாக என் வீட்டு ஹாலில் என்னைவிட நல்ல ரவுண்ட்ஸ் ஒருத்தி போய்க்கொண்டிருந்தாள், ஒரு நோட்டு இல்லாமல், ஒரு அதட்டல் இல்லாமல், நான் அடுப்படியிலிருந்து தட்டை உருட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. இதை எழுதினால் சிரிப்பார்கள், மருமகளைப் பிடித்துப்போக மாமியாருக்கு இரண்டு வருஷமும் நாலு பிணமும் வேண்டியிருந்தது.

ஐம்பத்தைந்து. கொஞ்சம் திறக்கிறேன். அறுபது. மணி பதினொன்று ஐம்பது. போனில் தினமும் கேட்பாள், தொட்டி எப்படி இருக்கு அத்தை. நல்லா இருக்கும்மா. நத்தையெல்லாம்? மேயுது. போட்டோ அனுப்பச் சொன்னாள், இடது மூலையில் உள்ளங்கை அகலத்துக்குப் பாசி இல்லாத இடம் ஒன்று இருந்தது, அதை மட்டும் எடுத்து அனுப்பினேன், மீன் அந்தப் பக்கம் வரும்வரை இருபது நிமிஷம் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கை விறைத்துவிட்டது. சூப்பர் அத்தை என்று பதில் வந்தது, கூட இரண்டு பூ. இன்று காலை கடை திறந்ததும் மறுபடி கஸ்பாரிடம் பாட்டிலோடு போனேன். முப்பத்தாறு. பரவாயில்லை, கொண்டுபோங்க, ரெண்டு நத்தை போதும் என்றான். நாலு என்றேன். அறுபது லிட்டருக்கு ஏழு நத்தை ஜாஸ்தி, பாசி தீர்ந்ததும் பட்டினி கிடக்கும், எதுக்கு நாலு என்று கேட்டான். பாசி நிறைய இருக்கு என்றேன். பாசிக்காக இல்லை, எண்ணிக்கைக்காக. பட்டினி வந்தால் காய்ந்த கடல்பாசித் தாளைக் கட்டிவிடுகிறேன் என்று சமாதானம் சொன்னேன், நத்தைக்கா எனக்கா தெரியாது. ஆனால் தேர்ந்தெடுத்தது ஒழுங்காகத்தான். ஒவ்வொன்றையும் மணலில் மல்லாக்கப் போடச் சொன்னேன். சில அப்படியே கிடந்தன, மூடியை இறுக்கிக்கொண்டு, யாராவது வந்து தூக்கட்டும் என்று. சில மட்டும் கழுத்தை நீட்டி, நீட்டி, ஓட்டைத் தாண்டி நீட்டி, மணலைத் தொட்டு, பிடித்து, ஒரு திருகு திருகி, தானாகக் கவிழ்ந்து நடந்தன. அதில் நாலு எடுத்தேன். கஸ்பார் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “இருவது வருசமா விக்குதேன், இப்படி இன்டர்வியூ யாரும் பண்ணுனதில்ல” என்றான். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சொட்டைப் பார்க்காமல் இருந்தால் நல்லது. பார்த்தால் அந்தக் கட்டில் ஞாபகம் வருகிறது. ஜன்னலோரம் நாலாவது. பாசியைப் பற்றி யோசி. பித்தானில் ஆறு நேற்று பாதி திறந்திருந்தன, இன்று எட்டு. நாலாவது கட்டில், மத்தியானம் இரண்டு மணி, மூச்சு வாங்குகிற பொம்பளை, மெதுவாக ஏற்ற வேண்டிய பாட்டில், எட்டு மணி நேரம் ஓட வேண்டியது. நான் சக்கரத்தைச் சரியாக மூடாமல் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். நான்தான், பயிற்சிப் பிள்ளை இல்லை, நானேதான். திரும்பி வரும்போது பாட்டில் காலி, ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அவளுக்கு நெஞ்சுக்குள் தண்ணீர் ஏறி நுரை தள்ளுகிறது. ஊசி போட்டேன், ஆக்சிஜன் வைத்தேன், டாக்டர் வந்தார், பிழைத்துவிட்டாள், பத்தாம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனாள், போகும்போது என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். டாக்டர் சொன்னார், இதயம் பலவீனம் சிஸ்டர், இப்படித்தான் திடீரென்று ஆகும். நான் தலையாட்டினேன். சார்ட்டில் எட்டு மணி நேரக் கணக்குக்கு சொட்டை எழுதி, கையெழுத்துப் போட்டேன். இருபத்தாறு வருஷம் ஆயிற்று. அவள் இதயத்துக்கு ஒன்றும் பலவீனம் இல்லை. அதை அவளிடமும் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை, மற்றவர்களின் விரிப்பில் சுருக்கம் தேடிக்கொண்டே மிச்ச வருஷங்களை ஓட்டிவிட்டேன்.

தொட்டியில் ஏதோ நகர்கிறது. மூளி. செத்த மூளி பாறை மேல் ஏறிப் போகிறது, உடைந்த உதடு, அதே உதடு, ஆனால் நத்தை நடையா இது, தத்தக்கா பித்தக்கா என்று, அடியில் சிவப்பாக நாலைந்து கால். அட பாவி. செத்த ஓடுகளில் மூன்றை எடுத்துவிட்டேன், இது பாறைக்குப் பின்னால் உருண்டுவிட்டது, எட்டவில்லை, கிடக்கட்டும் என்று விட்டேன். நண்டு பழைய வீட்டைக் காலி பண்ணிவிட்டு இதற்குள் வந்துவிட்டது. பழைய ஓடு மணலில் அநாதையாகக் கிடக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் ஏழு எண்ணுவாள், ஏழில் மூளி எங்கே என்று பார்ப்பாள், மூளி நண்டுக் காலில் நடக்கும். ஓட்டைப் பிடுங்க முடியாது, பிடுங்கினால் நண்டு இரண்டாகப் பிய்ந்து வரும். பிடுங்க வேண்டிய அவசியமும் இல்லையே. கஸ்பார் வாயாலேயே சொன்னானே, ஓட்டுக்காகக் கொன்றுவிடும் என்று. தொட்டி வைத்திருக்கிற எல்லாருக்கும் அது தெரியும். செத்தவனின் சட்டையைப் போட்டுக்கொண்டு எதிரிலேயே நடமாடுகிறான், கையும் களவுமாக. நான் வாயைத் திறக்கவே வேண்டாம். தலையாட்டினால் போதும். தலையாட்ட எனக்குத் தெரியும்.

கார்க் கதவு. இரண்டு தடவை. பன்னிரண்டு பத்துதான் ஆகிறது, விமானம் இன்றைக்கென்று சீக்கிரம் வந்துவிட்டதா. நோட்டு அலமாரி மேல் இருக்கிறது. நத்தைகள் இன்னும் கிண்ணத்தில். மூன்று வெளியே வந்துவிட்டன, ஒன்று விளிம்பு வரை ஏறி டிரிப்ஸ் குழாயை முகர்ந்து பார்க்கிறது. தூக்கிப் போட்டுவிடலாமா. அரை மணி நேரம் குறைகிறது, பாதி மாற்றத்தில் போட்டால் செத்துப்போகும், மறுபடியும் என் கையால். வேண்டாம். இருக்கட்டும். பெனிட்டா செருப்பைக் கழற்றுகிற சத்தம். மெலிந்திருக்கிறாள். “எப்படி இருக்கீங்க அத்தை” என்று என் தோளைத் தொட்டாள், மும்பை வெயில் மணம், அதற்குள் ஜன்னல் கம்பியைப் பார்த்துவிட்டாள். “இது யாருக்கு டிரிப்ஸ்?” கிண்ணத்தைப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள். பையைக் கீழே வைக்காமலேயே முட்டி போட்டு உட்கார்ந்து, கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். நான் அவள் பிடரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாறையில் பிரஷ் தேய்த்த தடம், மூடியிருக்கிற பித்தான்கள், மூன்று நத்தை, எல்லாவற்றையும் அவள் தலை மெதுவாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. நண்டிடம் வந்து நின்றது.

“அய்யோ மூளி” என்றாள். அப்புறம் நண்டைப் பார்த்து, “நீதானா திருட்டுப் பயலே.” குரல் உடைந்துவிட்டது. என் பக்கம் திரும்பியபோது கண் நிறைந்திருந்தது, ஆனாலும் என்னைத்தான் தேற்றினாள். “நீங்க ஒண்ணும் நினைக்காதீங்க அத்தை. இதுங்க ஓட்டுக்காக நத்தையக் கொல்லும். சின்னத் தொட்டியில ரெண்டு நண்டு விட்டது என் தப்புதான். பாவம், இதுக்காகப் புதுசா வாங்கி, டிரிப்ஸ் எல்லாம் போட்டு...” இதயம் பலவீனம் சிஸ்டர். நான் தலையாட்டவில்லை. கழுத்து தானாக அசையப் போனது, எனக்குத் தெரிந்தது, பிடித்து நிறுத்தினேன்.

“நண்டு இல்லம்மா. நான்.”

அலமாரியிலிருந்து நோட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். உட்கார்ந்தபடியே பிரித்தாள். முதல் பக்கத்தில் அவள் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. உப்புத் தண்ணீர் ஐந்நூறு. உப்புத் தண்ணீர் ஐந்நூறு. பத்தாவது வரியில் விரல் நின்றது, அப்புறம் நிற்காமல் கீழே போனது, பக்கம் திருப்பினாள். பதினாறாம் நாளில் மூளி என்று எழுதியிருந்தேன், நேரமும் போட்டு. கடைசி வரியில் இன்று காலை கஸ்பார் பார்த்த உப்பு, முப்பத்தாறு. சாலமோன் பெட்டியோடு உள்ளே வந்து, என்ன என்று கேட்க வாயெடுத்து, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அறைக்குள் போய்விட்டான். “நான் எழுதினது உங்களுக்குத் தப்பாப் பட்டுச்சா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “ஒரு போன் பண்ணியிருக்கலாமே அத்தை.” பண்ணியிருக்கலாம். “தினமும் கேட்டேனே. நல்லா இருக்குன்னீங்க.” பொய் சொன்னேன்மா என்றேன். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் முகம் கோணியது. அழவில்லை, திட்டவில்லை, கோணியது, நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அது எனக்கு வர வேண்டியதுதான். மன்னித்துக்கொள் என்றேன்.

சொட்டு மட்டும் விழுந்துகொண்டிருந்தது. அவள் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு கிண்ணத்தின் பக்கம் நகர்ந்தாள். விளிம்பில் நின்ற நத்தையை விரலால் தொட்டாள், அது கொம்பை உள்ளே இழுத்தது, திரும்ப நீட்டியது. “எத்தனை வைச்சிருக்கீங்க?” நிமிஷத்துக்கு அறுபது என்றேன். தலையைச் சாய்த்துக் குழாயைப் பார்த்தாள், கையை நீட்டிச் சக்கரத்தைத் தொட்டாள். “நாப்பது போதும் அத்தை. நம்ம தண்ணியில உப்பு இன்னும் ஒண்ணு கூடத்தானே இருக்கு.” திருப்பினாள். நான் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன், பழக்கம், வாய்க்குள்ளேயே. முப்பத்தேழு. ஒரு மயிரிழை திறந்தால் நாற்பது வந்துவிடும். கை பரபரத்தது. மடக்கி மடியில் வைத்துக்கொண்டு, அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.